சின்னப் பையன்தானே... சரியாயிடும்!

நம் ஊரில் டாக்டராக எம்.பி.பி.எஸ். எல்லாம் படிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நிமிஷம் நின்றாலே போதும். தலையில் அடிபட்டுப் படுத்திருக்கும் குழந்தையைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு தீர்ப்பையும் கையோடு கொண்டு வருவார்கள். ''சின்னப் பையன்தானே... இள ரத்தம்... சீக்கிரம் சரியாயிடும்!''

நான் பி.காம். என் அறிவு டெபிட், கிரெடிட்டோடு சரி. இருந்தாலும் இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் நிஜம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, மருத்துவக் கட்டுரைகளாகத் தேடிப் படித்தேன். கிடைத்த பதில்: பாதி நிஜம். அதாவது, ரொம்ப ஆபத்தான வகை!

இந்த ஆறுதலுக்கு விஞ்ஞானப் பின்னணியே உண்டு, சார். 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் என்ற பெண்மணி, கை கால் அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதி சேதமானால் என்ன ஆகிறது என்று குரங்குகளிடம் ஆராய்ந்தார். வளர்ந்த குரங்குகளைவிடக் குட்டிகள் நன்றாகத் தேறின. பின்னாளில், 'வயசு எவ்வளவு குறைச்சலோ, அவ்வளவு நல்லாத் தேறும்' என்று அவர் பெயரிலேயே ஒரு விதி கிளம்பிவிட்டது.

ஆனால், அந்தக் குட்டிகளுக்குப் பட்டது மூளையில் ஓரிடத்துச் சேதம். ஆபீஸில் ஒரு கிளார்க் லீவு போட்டால் பக்கத்து ஸீட்காரர் முனகிக்கொண்டே அந்த ஃபைலையும் பார்த்துவிடுவார். மூளையும் அப்படித்தான். ஸ்கூட்டரிலிருந்து தூக்கி எறியப்படும் குழந்தையின் கதை வேறு. உடம்போடு ஒப்பிட்டால் அதன் தலை பெரிசு, கழுத்துக்கோ பலம் போதாது. மண்டைக்குள் மூளையே குலுங்கித் திருகுகிறது. இங்கே லீவில் இருப்பது ஒரு கிளார்க் இல்லை... கட்டடமே ஆட்டம் கண்டிருக்கிறது!

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் விக்கி ஆண்டர்சனும் அவருடைய குழுவும் இப்படி அடிபட்ட குழந்தைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அடி பலமாக இருந்தால் சின்ன வயசு சலுகை இல்லை, கூடுதல் சுமை என்று தெரிந்தது. காரணம் எளிது. பெரியவருக்கு அடிபட்டால் போவது பெரும்பாலும் சேர்த்து வைத்த சேமிப்பு. குழந்தைக்குப் போவது, இனிமேல் சம்பாதிக்க வேண்டிய திறமை!

அப்படியானால் ஒரு குழந்தை தேறுவது எதையெல்லாம் பொறுத்தது?

முதலாவது, அடியின் ஆழம். 1974ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் இதற்கு மார்க் போட வழி கண்டுபிடித்தார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6... ஆக மொத்தம் 15. ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் பலத்த காயம். பேசத் தெரியாத குழந்தைகளுக்குக் கொஞ்சம் மாற்றிய கணக்கு. நினைவில்லாமல் கிடந்தது எத்தனை நாள், விழித்த பிறகும் காலையில் நடந்தது மதியம் மறந்துபோகிற குழப்பம் எத்தனை நாள் என்பதும் முக்கியம். இவை நீள நீள, தேறுவதும் கஷ்டம். ஆனாலும் இது ஜாதகம் இல்லை. ஒரே மார்க் வாங்கிய இரண்டு குழந்தைகள் இரண்டு விதமாக வளரலாம்.

இரண்டாவது, முதல் சில மணி நேரம். விழுந்தபோது பட்டது முதல் அடி. அதன்பின் ஆக்ஸிஜன் குறைவதும், ரத்த அழுத்தம் இறங்குவதும், மூளை வீங்குவதும் இரண்டாவது அடி. முதலாவதைத் திருப்பி வாங்க முடியாது, இரண்டாவதைத் தடுக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். அது நுரையீரலுக்குப் போகும். கழுத்து தொங்கத் தொங்க ஆட்டோவில் திணிக்கிறோம். தயவுசெய்து கழுத்தை ஆட்டாமல், 108க்கு போன் போடுங்கள். ''போலீஸ், கோர்ட்டுன்னு யாரு சார் அலையறது?'' என்பவர்களுக்கு: நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் பாயாது என்று 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது. பெயர்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுகிறது. அது, காலம்.

என் நண்பர் ஒருவரின் பையன் நாலு வயசில் பைக்கிலிருந்து விழுந்தான். ஒன்பது நாள் நினைவில்லை. பத்தாவது நாள் ''அம்மா'' என்றான். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார்கள். நடந்தான், பேசினான், ரைம்ஸ் சொன்னான். ஆஸ்பத்திரி ஃபைல் பரணுக்குப் போயிற்று.

ஆறாம் வகுப்பில் வந்தது வினை. பாடத்துக்கொரு டீச்சர், டைம்டேபிள், நாலு ஹோம்வொர்க். பையன் திணறினான். மதியத்துக்குமேல் தூங்கி விழுந்தான், திட்டினால் கத்தினான். 'சோம்பல், கவனமில்லை, எதிர்த்துப் பேசுகிறான்' என்று பள்ளியிலிருந்து ஓலை வந்தது. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். ஏழு வருஷத்துக்கு முந்தைய பைக் யாருக்குமே ஞாபகம் வரவில்லை!

இதை நாங்கள் காமர்ஸில் 'போஸ்ட் டேட்டட் செக்' என்போம். திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, நாலு வேலையை வரிசைப்படுத்துவது எல்லாம் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதியின் வேலை. அது முழுசாக முதிர இருபது வயசு தாண்டிவிடும். நாலு வயசில் அங்கே பட்ட அடி, அந்த வேலை தேவைப்படும் வயசில்தான் செக்காக வங்கிக்கு வருகிறது. அக்கவுன்ட்டில் பணம் இல்லை. திட்டு, செக் கொண்டுவந்த பையனுக்கு!

கடைசியில் ஒரு டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டார். ஞாபகசக்தி, கவனம் எல்லாவற்றுக்கும் சோதனை நடந்தது. அப்புறம் முதல் பெஞ்ச். ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலை. எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒரு பாக்கெட் நோட்டு. மதியம் கொஞ்சம் ஓய்வு. பரீட்சையில் கூடுதல் நேரம். பையன் இன்று ஐ.ஏ.எஸ். ஆகிவிடவில்லை. ஆனால், காலையில் 'வயித்து வலி' என்று அழுவதை நிறுத்திவிட்டான். பெல்ட் பேன்ட்டிலேயே இருக்கிறது.

நாலாவது, வீடு. 1990களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டெய்லர், யேட்ஸ், வேட் ஆகிய ஆய்வாளர்கள், தலையில் அடிபட்ட பள்ளிப் பிள்ளைகளை, கை கால் முறிந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். வீட்டில் சண்டையும் நெருக்கடியும் இருந்தால் பலத்த அடியின் பாதிப்பு இன்னும் பெரிதாகிறது. ஆதரவான வீட்டில் ஓரளவு மட்டுப்படுகிறது. குழந்தையின் கோபம் பெற்றோரைச் சோர வைக்கிறது; அவர்களின் சோர்வு குழந்தையைப் பாதிக்கிறது. வட்டிக்கு வட்டி! அதனால் அந்த அம்மாவை ஒருநாள் மதியம் தூங்கவிடுவதுகூட வைத்தியம்தான். பார்க்கப் போகிறவர்கள் முதல் வாரமே மொத்தமாகப் போகாமல், ஆறு மாசம் கழித்தும் போங்கள். அப்போதுதான் ஆள் தேவைப்படும்.

அடியின் ஆழம் நம் கையில் இல்லை, வயசும் இல்லை. முதல் மணி நேரம், வீடு, பள்ளி... இவை நம் கையில். 'சரியாயிடும்' என்பது தானாக நடப்பதில்லை, சார். வருஷக்கணக்கில் பார்க்க வேண்டிய வேலை.

அடியே படாமல் பார்த்துக்கொள்வது இதைவிடச் சுலபம். நாலு வயசுக்கு மேல் பைக்கில் எல்லோருக்கும் ஹெல்மெட் என்கிறது 2019ன் சட்டத் திருத்தம். ஒன்பது மாதம் முதல் நாலு வயசு வரை ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கி.மீ.க்கு மேல் வேகம் கூடாது என்று 2022ல் தனி விதியே வந்துவிட்டது. நாமோ நம் தலைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு, பெட்ரோல் டாங்க் மேல் பிள்ளையை உட்காரவைத்து ஹாரன் அடிக்கச் சொல்லி ரசிக்கிறோம்.

'சின்னப் பையன்தானே' என்று சொல்லியே தீர வேண்டுமா? தாராளமாகச் சொல்லுங்கள், ஹெல்மெட் கடையில்!

''சின்னப் பையன்தாங்க... அவன் ஸைஸ்ல ஒண்ணு குடுங்க!''