வீட்டுத் தோட்டத்துக் கீரையும் நம் சிறுநீரகமும்

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே சற்று நின்று நோயாளிகளும் உறவினர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இது எங்கள் வீட்டிலேயே வளர்த்தது. பூச்சிமருந்து எதுவும் அடிப்பதில்லை. தாராளமாகச் சாப்பிடலாம் அல்லவா?" இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது என்பதால்தான் இக்கட்டுரை.

வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவருக்கு, அவருடைய குடும்பத்தார் கொல்லையில் தழைத்திருந்த முருங்கையின் இலையைப் பறித்து நாள்தோறும் இருவேளை சூப் செய்து கொடுத்து வந்தனர். இரத்தம் ஊறட்டும் என்னும் அன்பே அதற்குக் காரணம். இரண்டு வாரங்களில் கால்கள் தளர்ந்து, நாடித்துடிப்பு குறைந்த நிலையில் அவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். இரத்தத்தில் பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. அன்றிரவே டயாலிசிஸ் செய்ததால் பிழைத்தார்.

முருங்கைக்கீரை தீயது என்பது இதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிகுதியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பணி. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. சிறுநீரகம் தளரும்போது மிகுதியான பொட்டாசியம் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அளவு 6.5-ஐக் கடந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். சில வேளைகளில் முன்னறிகுறி ஏதுமின்றி நின்றும் போகலாம். பூச்சிமருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கீரையிலுள்ள பொட்டாசியம் மாறுவதில்லை.

எனினும், சிறுநீரக நோயாளிகள் அனைவருக்கும் கீரை விலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நோயின் தொடக்க நிலையில், பொட்டாசியம் இயல்பாக உள்ளவர்கள் காய்கறிகளை வீணாக ஒதுக்குவது நன்மை தராது. உங்கள் அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவே இதில் வழிகாட்டி.

இடம் சிறிதாயினும் எவற்றை வளர்க்கலாம்?

கறிவேப்பிலை, எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி ஆகிய நான்கையும் நான் முதலில் சொல்வேன். இவற்றை நாம் சிறிதளவே சேர்க்கிறோம். ஆனால் உணவின் சுவை உயர்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதும் "வாயில் வைக்க முடியவில்லை" என்று வருந்துவோருக்கு, கறிவேப்பிலைத் தாளிப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் பெருந்துணை. அதே வேளையில், உப்புக்கு மாற்றாகக் கடைகளில் விற்கப்படும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் நல்ல வெயில் வேண்டும். மாடியில் வளர்ப்போர் செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பெரிய தொட்டியில் நடலாம். எலுமிச்சையை விதையிலிருந்து வளர்ப்பதைவிடப் பதியன் அல்லது ஒட்டுக் கன்றாக வாங்கினால் விரைவில் காய்க்கும். புதினாத் தண்டை நட்டாலே வேர்பிடித்துவிடும். அரை நிழல் அதற்குப் போதும்.

தரையில் இடமிருந்தால் முருங்கையும் வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 வகையை விதையிட்டே வளர்க்கலாம். செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே காய்க்கும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் அதன் கீரை சிறந்த உணவு.

பொட்டாசியம் மிகுந்துள்ளவருக்குச் சமைப்பது எப்படி?

காய்களையும், அனுமதிக்கப்பட்ட அளவுக் கீரையையும் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும், முழுவதும் போகாது. ஆகவே அளவும் முக்கியம். சூப் அருந்தும்போதோ, வெளியே போக வேண்டிய அந்த நீரையே நாம் குடிக்கிறோம். நீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்கு அது இரட்டைச் சுமை. இளநீரும் பொட்டாசியம் மிகுந்தது. கொல்லையில் தென்னை நிற்கும் வீட்டார் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை எவை?

அழகுக்காகப் பலர் வளர்க்கும் நட்சத்திரப்பழ மரம் சிறுநீரக நோயாளிக்கு மிகவும் ஆபத்தானது. அதிலுள்ள நரம்பு நச்சைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல் முதல் அறிகுறியாகத் தோன்றி, குழப்பமும் வலிப்பும் தொடரலாம். அதன் உறவான பிலிம்பிக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கொழுப்பைக் குறைக்குமென்று நம்பி அதன் சாற்றைப் பெருமளவில் குடித்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி ஆகியவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் பொருள் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடையைக் குறைப்பதற்காக இவ்வினத்தைச் சேர்ந்த மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் இது உண்டாக்கும். இவற்றை உட்கொள்ளவே கூடாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்று டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் உட்கொள்வோர் பம்ப்ளிமாஸ் பழத்தைத் தவிர்க்க வேண்டும். அது மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். வார்ஃபரின் உட்கொள்வோருக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். அவர்கள் கீரையை அறவே விடவேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் வெறுமையாகவும் உண்ணாமல், ஒரே சீரான அளவில் உண்டால் போதும்.

செடியோடு பழகும்போது கவனம்

தோட்டவேலை உடலுக்கு மிதமான பயிற்சி. நீண்டகால நோயில் துவளும் மனத்துக்கும் ஆறுதல். ஆயினும் சில எச்சரிக்கைகள் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் மண்ணில் இறங்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியது தெரியாமலே புண் முற்றிவிடும். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையால் தொட்டியைத் தூக்கவோ எலுமிச்சை முட்களிடையே காய் பறிக்கவோ வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை மண்ணையும் உரத்தையும் கிளறும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். அனுமதித்த பிறகும் கையுறையும் முகக்கவசமும் தேவை. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கஷாயமோ பொடியோ சாறோ, எதை உட்கொண்டாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். கடிந்துகொள்வோம் என்று அஞ்ச வேண்டாம். பெயர் தெரியாத செடியாயின் ஓர் இலைக்கொத்தையோ புகைப்படத்தையோ கொண்டு வாருங்கள். இரத்தப் பரிசோதனையில் திடீரென ஏறிய எண்ணுக்கான காரணம் பல வேளைகளில் அந்த இலைக்கொத்தில்தான் இருக்கும்.

அப்பெரியவர் வீட்டு முருங்கையை வெட்டச் சொல்லவில்லை, அவரும் வெட்டவில்லை. காலையில் அவரே அதற்கு நீர் ஊற்றுகிறார். கீரை பேரக்குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது. தம் பங்குக்கு அதனருகிலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டிருக்கிறார். சென்ற மாதம் அவருடைய பொட்டாசியம் 4.9.