கல்லறைத் திருநாளை ஒட்டி வரும் இரவு: ஹாலோவீன் கொண்டாட்டமும் சட்டம் வகுத்த எல்லையும்

அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும் ஹாலோவீன், கத்தோலிக்க நாட்காட்டியில் நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவின் முன்னிரவாகும். அதற்கு அடுத்த நாளான நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் கல்லறைத் திருநாளாகும். கம்பம் பள்ளத்தாக்கில் பனிமய மாதா ஆலயம் அமைந்துள்ள ராயப்பன்பட்டியைப் போன்ற கத்தோலிக்க ஊர்களில், குடும்பத்தார் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூச்சூட்டி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரின் மந்திரிப்புக்குக் காத்திருக்கும் காலமும் இதுவே. கைபேசி வழியே இளைஞருக்கு அறிமுகமாகியுள்ள பேய் வேடக் கொண்டாட்டம் இந்தத் துக்க நினைவுக்கு மிக அருகில் நிகழ்வதால், அதில் எது மகிழ்ச்சி, எது அத்துமீறல் என்ற தெளிவு நண்பர் குழுக்களுக்குத் தேவைப்படுகிறது.

கல்லறைத் தோட்டமும் சட்டமும்

நண்பர்கள் கூடுவதும் வேடமிடுவதும் குற்றமல்ல. ஆனால், பிறர் மனம் புண்படும் என்று அறிந்தே அடக்கம் செய்யும் இடத்தில் அத்துமீறி நுழைவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 301ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும். இரவில் கல்லறை மேல் ஏறி நின்று காணொளி எடுப்பதை விளையாட்டாகக் கருதுவோர், அந்தக் கல்லின் கீழ் ஒரு குடும்பத்தின் தாயோ பிள்ளையோ உறங்குவதையும், அவர்களது உணர்வைக் காக்கவே இச்சட்டம் இருப்பதையும் உணர வேண்டும். பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்துவதை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. முகமூடி அணிந்து விடுதி மாணவரை மிரட்டுவது, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு கேலிவதை (ராகிங்) தடைச் சட்டத்தின் கீழ் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியதாகலாம்.

ஆபத்துகள்

தீயே முதல் ஆபத்து. செயற்கை இழையால் ஆன தொளதொளத்த உடைகள் மெழுகுதிரிச் சுடர் பட்டவுடன் பற்றி, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பறங்கிக்காயைக் குடைந்து செய்யும் விளக்குக்குள் மின்கல விளக்கை வைப்பதே பாதுகாப்பானது. அக்டோபர் இறுதி வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆதலால், நனைந்த சுவர்களிலும் மரங்களிலும் சீரியல் விளக்கு கட்டுவது மின்னதிர்ச்சிக்கு வழிவகுக்கும். மருத்துவர் பரிந்துரையின்றி வாங்கும் வண்ண ஒட்டுவில்லைகள் (காண்டாக்ட் லென்ஸ்) கருவிழியில் புண்ணை உண்டாக்கிப் பார்வையையே பாதிக்கக்கூடும். முகச்சாயத்தை முதல் நாளே முன்கையில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்று உறுதிசெய்த பின்னரே பூச வேண்டும்.

கூட்டமும் உயிரைப் பறிக்கும். 2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவான் பகுதியில் ஹாலோவீனுக்காகத் திரண்டவர்கள் குறுகிய சரிவுச் சந்தொன்றில் நெருக்குண்டதில் 159 பேர் உயிரிழந்தனர். அறியாத வீட்டுக் கதவைத் தட்டுவதும் விபரீதமாகலாம்: 1992இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஹாலோவீன் விருந்துக்குச் சென்ற 16 வயது ஜப்பானிய மாணவர் வீடு மாறிச் சென்றதால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மகிழ்ச்சிக்கான வழிகள்

அச்சமூட்டாமலும் இந்நாளைக் கொண்டாட இயலும். பிள்ளைகள் பேய்களுக்குப் பதிலாகப் புனிதர்களைப் போல வேடமிடும் ‘ஹோலிவின்ஸ்’ என்ற கொண்டாட்டம் 2002இல் பாரிஸில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது; பங்கு இளையோர் அதனை ஊரிலும் எளிதாக நடத்தலாம். பெரியவர்களை அமர்த்திக் கம்பம் பள்ளத்தாக்கின் கதைகளைக் கேட்பது, முன்னரே சொல்லி வைத்த உறவினர் வீடுகளுக்கு மட்டும் வேடமிட்டுச் சென்று பலகாரம் பகிர்வது, மறுநாள் கவனிப்பாரற்ற கல்லறைகளைத் துப்புரவு செய்வது ஆகியவையும் நண்பர்கள் கூடிச் செய்யத்தக்கவை. இதய நோயாளர், முதியோர், சிறு குழந்தைகள் ஆகியோரை மறைந்திருந்து திடுக்கிடச் செய்வதைத் தவிர்ப்பதும், இசைவின்றி எவரையும் படம் பிடித்துப் பரப்பாதிருப்பதும் குழுவினர் முதலிலேயே ஏற்க வேண்டிய நெறிகளாகும்.

தீர்வுகள்

உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தின் மீது பற்பசையோ மையோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட்டு, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். காவல், தீயணைப்பு உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணையக் குற்றங்களுக்கு 1930, உயர்கல்வி நிறுவனக் கேலிவதைக்கு 1800-180-5522 ஆகிய எண்கள் உள்ளன. காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமையாகும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியை நாடலாம்.

ஒருவர் அஞ்சி நடுங்குவதோ, ஒரு குடும்பத்தின் நினைவிடம் மிதிபடுவதோ எவருக்கும் மகிழ்ச்சியின் விலையாக அமையக் கூடாது. இவ்வாண்டு கூடும் நண்பர் குழுக்கள் ஒவ்வொன்றும் இதனை முதலில் பேசி முடிவுசெய்து, அதன் பின்னரே வேடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.