வீட்டுத் தமிழ் பேச்சுக்குத் தடையா?

வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர் வீடுகளில், குழந்தை பேசத் தொடங்கும் வயதில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மராத்தி, தொலைக்காட்சியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். இத்தனையையும் பிஞ்சு மனம் தாங்குமா? தமிழை நிறுத்திவிட்டால் என்ன?

கல்யாணில் எங்கள் வீட்டுக்கும் இக்கேள்வி வந்தது. பேரனுக்கு இரண்டேகால் வயது ஆகியும் ஏழெட்டுச் சொற்கள்தான். அவன் போய்வந்த மழலையர் பள்ளியில், "பல மொழிகள் குழப்புகின்றன, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். மகனும் மருமகளும் அப்படியே செய்தார்கள். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவிக்கோ தமிழைத் தவிர வேறு மொழி வராது. பத்து நாட்கள் அவள் வாய் திறவாமல் பேரனுக்குச் சோறு ஊட்டினாள்.

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். வண்டி குலுங்கினால், காரணத்தை ஊகிக்காமல் முதலில் பாதையை அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். "முதலில் காதைச் சோதிப்போம்" என்றேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சிறு குழந்தைகளுக்குச் சளியோடு இது அடிக்கடி வருவதுண்டு என்றும், அப்போது ஒலி மங்கலாகவே கேட்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். சிகிச்சைக்குப் பின் பேரனின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாட்டியும் பழையபடி பேசத் தொடங்கினாள்.

பல மொழிகளைக் கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதே பேச்சு, கேட்டல் வல்லுநர்களின் கருத்து. 'தண்ணி', 'பானி', 'வாட்டர்' என்று குழந்தை எந்த மொழியில் சொன்னாலும், எல்லாவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் "அப்பா வா" போல இரு சொற்களைச் சேர்ப்பது என்பது பொதுவான கணக்கு. அது வராவிட்டாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும், "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், மும்பை பாந்த்ராவில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்தகைய சோதனைகளுக்கென்றே இருக்கின்றன.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில:

செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கீரை ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் சொற்கள் தாமாகக் குழந்தையிடம் சேரும்.

குழந்தை "பூ" என்றால், "ஆமாம், சிவப்புப் பூ" என்று நீட்டிச் சொல்லுங்கள். "பானி குடு" என்றால் சிரிக்காமல், "தண்ணி வேணுமா, இந்தா" என்று கொடுங்கள். திருத்தம் அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். அந்நாளைய ஒற்றைப் பாதையில் டோக்கன் பெற்ற வண்டிதான் அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாம். டோக்கனைக் குழந்தையிடம் கொடுத்தபின் நாம் புறப்படக் கூடாது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பதில் வரும்.

எல்லாரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' ஆக்காதீர்கள். சித்தப்பா யார், மாமா யார் என்று சொல்லிக் கொடுக்கும்போது குடும்பத்தையே சொல்லிக் கொடுக்கிறோம். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இந்தியின் 'ஹம்' என்ற ஒரு சொல்லில் இல்லை. அதை வீட்டுப் பேச்சில்தான் பிடிக்க முடியும்.

கைபேசியைக் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஊரிலுள்ள தாத்தா, பாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவது வேறு. அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

கொஞ்சவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் நமக்குத் தடையின்றி வரும் மொழி எதுவோ, அதிலேயே குழந்தையிடம் பேசுவோம். நம்மில் பெரும்பாலோருக்கு அது தமிழ். மற்ற மொழிகளைப் பள்ளியும் தெருவும் கொடுத்துவிடும். தமிழைக் கொடுக்க இங்கே நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை.