இடது கையின் சம்பாத்தியம்

திருத்தணிகை மலைக்கு ஏறும் படிகள் 365 என்பர். மாலை வேளைகளில் அப்படிகளின் அடிவாரத்தில் சற்று இளைப்பாறுவது நமது வழக்கம். அண்மையில் ஒரு நாள், நம் வகுப்புப் பையன் ஒருவன் புளியமரத்தின் உச்சிக்கொம்பில் தொங்கிய காயை ஒரே கல்லில் வீழ்த்தினான். அதுவும் இடது கையால்! "எதற்கெடுத்தாலும் அந்தக் கைதானாடா உனக்கு?" என்று அவனுடைய பாட்டி கடிந்துகொண்டாள். பையனோ நம் பக்கம் திரும்பி, "ஸார், எறிவதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டான்.

பதிலாக நாம் ரிங்கு சிங்கின் கதையைச் சொன்னோம். நேயர்களும் கேட்கலாம்.

காசிக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்தில் 1988-ல் பிறந்தவர் அவர். தகப்பனார் லாரி ஓட்டுபவர். வீட்டில் ஒன்பது குழந்தைகள். லக்னௌ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறியப் பழகினார். 2008-ல் அமெரிக்கர் ஒருவர் பாரத தேசத்தில் விநோதமான பந்தயம் ஒன்றை நடத்தினார். பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்திற்கு வேகமாகப் பந்தெறிபவரைத் தேடுவதே அதன் நோக்கம். கலந்துகொண்டோர் 37,000 பேருக்கு மேல். மணிக்கு 87 மைல் வேகத்தில், இடது கையால் எறிந்து வென்றார் ரிங்கு. பரிசு ஒரு லட்சம் டாலர்!

அவரும், அதே கல்லூரித் தோழர் தினேஷ் படேலும் அமெரிக்கா சென்றனர். அதுவரை பேஸ்பாலைத் தொட்டறியாத இருவரையும் அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஸ்தாபனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே நேராக உச்சிக்குப் போய்விட முடியாது. சிறு லீக்குகள் என்னும் படிகளில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். 2009 ஜூலையில் ரிங்கு முதல் வெற்றியைப் பெற்றார். தினேஷை 2010-ல் விடுவித்துவிட்டார்கள். அவர் ஊர் திரும்பினார். ரிங்கு மேலும் சில படிகள் ஏறினார், ஆஸ்திரேலியாவிலும் ஆடினார்.

ஆனால், பந்தெறிபவனுடைய மூலதனம் முழங்கையிலுள்ள ஒரு சிறு தசைநாரே. ஓயாது எறிந்தால் அது நைந்து அறுந்துபோகும். உடலின் வேறோரிடத்திலிருந்து நார் எடுத்து அங்கே பொருத்தும் ரண சிகிச்சையை 1974 முதல் செய்துவருகிறார்கள். ரிங்குவுக்கும் அச்சிகிச்சை நேர்ந்தது. 2014-ல் அவர் கதை சினிமாவாயிற்று; இசை அமைத்தவர் நம் ஏ. ஆர். ரஹ்மான். உலகம் படத்தைப் பார்த்து மகிழ்ந்தது. கையோ பழைய கையாகவில்லை. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியாமலே, 2018-ல் அவர் மல்யுத்தத் தொழிலுக்கு மாறினார்.

"அப்படியானால் தோற்றுவிட்டாரா, ஸார்?" என்றான் பையன்.

இல்லை என்றே நாம் கருதுகிறோம். அந்தக் கை அவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. கை சோர்ந்தபோது வேறொரு வாசலைத் தட்டும் துணிவும் அவரிடம் இருந்தது. ஆயினும், வராமற்போன மற்ற முப்பத்தேழாயிரம் பேரையும் எண்ணிப் பார்க்கச் சொன்னோம். ஆகவே பாடப்புத்தகத்தைப் பரண்மேல் போட வேண்டாம். எறிவதையும் விட வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு.

இதையெல்லாம் கேட்டிருந்த பாட்டி சற்று யோசித்தாள். "சரி, எறியட்டும். சாப்பிடுவது மட்டும் வலது கையால்தான்!" என்றாள்.