உங்களுக்குத் தெரியுமா? மும்பையில் பிறந்த ‘டிரிங்கோமலி’

பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் நீரில் மிதக்கும் மிகப் பழைய கப்பல் நம் மும்பையில் கட்டப்பட்டது! 1817-இல் பம்பாய் கப்பல் கட்டும் தளத்தில் மலபார் தேக்கால் உருவான அதற்கு, திருகோணமலையின் பெயரை ‘டிரிங்கோமலி’ என்று சூட்டினார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அதை இப்போதும் பார்க்கலாம்.

கட்டியவர் பார்சி சமூகத்தின் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. இவருடைய தாத்தா லவ்ஜி, சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து இத்தொழிலைத் தொடங்கியவர்.

எளிதில் உளுத்துப்போகாத தேக்குக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை விரும்பி வாங்கியது. ஜாம்ஷெட்ஜி கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில்தான், ஹாங்காங்கைப் பிரிட்டனுக்குக் கொடுத்த நான்கிங் உடன்படிக்கை 1842-இல் கையெழுத்தானது.

அதே தளம் இன்று இந்தியக் கடற்படையின் மேற்குப் பிரிவுப் போர்க்கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் செப்பனிட்டு மீண்டும் கடலுக்கு அனுப்புகிறது.