சிறு விவசாயிகளும் கூட்டுத் தொழில் முயற்சியும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்பது நம் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆகவே கணக்குப் பார்ப்பதே வீண் என்று கருதுவோர் உளர். மிஞ்ச வேண்டியது எங்கே போகிறது என்று கண்டறிவதற்காகவே விவசாயி கணக்குப் பார்த்தல் வேண்டும். தொழில் முயற்சியின் முதற்படி அதுவே.

2015-16-ம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலப்பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். இவ்வளவு சிறிய நிலத்தில் விளைச்சலை மட்டும் பெருக்கி வருமானத்தை உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. அறுவடைக்குப் பின் நடைபெறும் வேலைகளிலும் விவசாயி பங்கு பெற்றாலன்றி நிலைமை சீர்படாது.

நிலக்கடலை ஓர் உதாரணம்

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் மிகுதியாகப் பயிராகும் நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். நன்கு காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்புக் கிடைக்கும். அதைச் செக்கிலிட்டு ஆட்டினால் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெயும் 40 கிலோ புண்ணாக்கும் கிடைக்கும். எண்ணெய் அடுப்படிக்கும், புண்ணாக்கு மாட்டுத் தொழுவத்திற்கும் வேண்டியவை. காயை அப்படியே விற்பவர், இவ்விரண்டிலும் வரக்கூடிய லாபத்தைப் பிறருக்கு விட்டுவிடுகிறார்.

அதிலும், கூலி கொடுக்கவும் கடனை அடைக்கவும் வேண்டிய நெருக்கடியில் ஈரக்காயையே விற்றுவிடுவோர் பலர். காயின் ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்துதல் அவசியம். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு உள்ளே குலுங்கும் ஓசை கேட்க வேண்டும். ஈரத்துடன் குவித்து வைத்தால் பூஞ்சை படரும். அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். செக்கெண்ணெயிலும் புண்ணாக்கிலும் அந்நச்சு சேரக்கூடும். ஆதலால் பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கி நீக்கிய பின்னரே ஆட்ட வேண்டும்.

ஒருவரால் ஆகாதது பலரால் ஆகும்

ஓர் ஏக்கர் விளைச்சலை நம்பி ஒருவர் தனியே உடைப்பு இயந்திரமும் செக்கும் வாங்குவது அறிவுடைமையன்று. நூறு பேர் சேர்ந்தால் இயந்திரத்திற்குத் தொடர்ந்து வேலை இருக்கும்.

ஒன்றுபடுவது நமக்குப் புதிதன்று. 1904-ம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கடனுக்காக அன்று கூடியவர்கள் விற்பனைக்காகவும் கூடுவதற்கு, 2002-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. அதன்படி உற்பத்தியாளர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடி உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கலாம். தனிநபர்களே அங்கத்தினராக உள்ள கம்பெனியில், பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். கம்பெனிக்கு அளித்த சரக்கின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகையும் வழங்க இடமுண்டு.

2017-18-ல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்குப் பண்ணை இயந்திரங்கள் வாங்க ரூ. 5 லட்சம் தொகுப்பு நிதி அளிக்கப்பட்டது. இப்பொழுது கிடைக்கும் உதவிகளை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்துகொள்க.

அங்கத்தினரின் கடமை

அரசின் உதவி மட்டும் தொழிலை நிலைநிறுத்தாது. வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவுடன் அங்கத்தினர்கள் அவரிடம் சென்றுவிட்டால், கம்பெனியின் செக்கு ஓயும். வாங்கிய கடன் நிற்கும். வியாபாரியைக் குறை கூறுவதிலும் பயனில்லை. அவர் முன்பணமும் சாக்கும் தருகிறார். வாசலிலேயே எடை போட்டுப் பணம் கொடுக்கிறார். அவ்வசதிகளைக் கம்பெனியும் இயன்றவரை அளித்தல் வேண்டும். சரக்கு வந்த அன்றே விலையின் பெரும்பகுதியைக் கொடுத்து, விற்றபின் எஞ்சியதைப் பகிர்ந்தளிப்பது நல்ல முறை. இதற்கு நடைமுறை மூலதனம் தேவை. கட்டடத்திலும் இயந்திரத்திலும் முழுப் பணத்தையும் முடக்கிவிட்டுச் சரக்கு வாங்கக் கையில் பணமின்றித் தவிப்பது பெருந்தவறு.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதல், சரியான தராசு, சம்பளம் பெறும் திறமையான கணக்கர் ஆகியவையும் இன்றியமையாதவை. முதலில் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு ஒரே தரமான எண்ணெயைத் தவறாமல் கொடுத்துப் பெயர் பெறுக. தொலைதூரச் சந்தையைப் பிறகு நாடலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து தானே வியாபாரத்தில் இறங்க வேண்டியதில்லை. பொதுவான உலர்களம் அமைத்தல், களத்திற்கு வண்டி செல்லப் பாதை போடுதல், கிராம சபையில் இம்முயற்சியை விளக்கிப் பேச வாய்ப்பளித்தல் ஆகியவை அதனால் இயலும். நிலம் தம் பெயரில் இல்லாத பெண்களும் குத்தகைதாரர்களும் விடுபட்டுப் போகாமல் கவனிப்பதும் அதன் பொறுப்பே.

வரும் அறுவடைக்கு முன் உங்கள் ஊரில் எத்தனை மூட்டைக் கடலை விளையும், எவ்வளவு ஈரக்காயாக விலை போகிறது, ஊருக்கு வெளியிலிருந்து எவ்வளவு எண்ணெயும் புண்ணாக்கும் வாங்குகிறோம் என்று கணக்கெடுங்கள். உழக்கு எங்கே போயிற்று என்பது அப்பொழுது விளங்கும். அதை மீட்கும் வழியும் புலப்படும்.