கரன்சி சந்தைக்கு எது நல்ல நேரம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆன்ட்டி வைரஸ். அடுத்து, தமிழில் டைப் செய்வது எப்படி. மூன்றாவதாக, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "இதை வைத்து வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்க முடியுமா?" அந்த மூன்றாவது கேள்வி இப்போதெல்லாம் இன்னும் குறிப்பாக வருகிறது. "ஃபாரெக்ஸ் டிரேடிங்கிற்கு எந்த நேரம் நல்ல நேரம்?"

ராகு காலம், எமகண்டம் கேட்பதுபோல் இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். கேள்வி நியாயமானதுதான். கரன்சி சந்தை சுறுசுறுப்பாக இருக்கும் நேரமும் உண்டு, தூங்கி வழியும் நேரமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் தேவையில்லை. உங்கள் டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் இருக்கும் கடிகாரமே போதும். ஆனால் அந்தக் கடிகாரத்தைச் சரியாக அமைப்பதில் இரண்டு மூன்று பொறிகள் இருக்கின்றன. என் அலுவலகத்தில் லண்டன், நியூயார்க் குழுக்களோடு தினமும் மீட்டிங் நடப்பதால் இந்த நேர வித்தியாசங்களோடு எனக்கு நல்ல பழக்கம்.

முதலில் சந்தை என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். பங்குச் சந்தைக்கு மும்பையில் கட்டடம் இருப்பதுபோல் உலகக் கரன்சி சந்தைக்குக் கட்டடம் கிடையாது. உலகெங்கும் உள்ள வங்கிகள் கம்ப்யூட்டர் வழியாக ஒன்றோடொன்று வாங்கி விற்பதுதான் சந்தை. இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை தொடங்கி, சனி அதிகாலை வரை இடைவிடாமல் நடக்கும். எப்போதும் ஜோடியாகத்தான் வியாபாரம். யூரோ/டாலர் 1.1000 என்றால் ஒரு யூரோவின் விலை 1.10 டாலர் என்று பொருள். யூரோ/டாலர், டாலர்/யென், பவுண்டு/டாலர், டாலர்/ஸ்விஸ் ஃபிராங்க் போன்றவற்றை மேஜர் ஜோடிகள் என்பார்கள்.

பி.ஐ.எஸ். என்று ஓர் அமைப்பு ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி என்று சொல்லலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சந்தையைக் கணக்கெடுக்கிறது. 2025 ஏப்ரலில் எடுத்த கணக்கில், ஒரு நாள் வியாபாரம் 9.6 டிரில்லியன் டாலர். ஒரு டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. இந்த வியாபாரத்தில் பிரிட்டனின் பங்கு சுமார் 38 சதவீதம், அமெரிக்காவின் பங்கு சுமார் 19 சதவீதம். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அதற்குப் பிறகுதான்.

விடை இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. லண்டன்காரர் மதியச் சாப்பாட்டிற்குப் பிறகு மேஜையில் இருக்கும்போது, நியூயார்க்காரர் காலைக் காபியோடு வந்து உட்காருகிறார். உலக வியாபாரத்தின் பாதிக்கும் மேல் கையாளும் இரண்டு ஊர்களும் ஒன்றாக விழித்திருக்கும் அந்த நான்கு மணி நேரம்தான் பரபரப்பான நேரம். நம் கணக்கில் கோடையில் மாலை 5.30 முதல் இரவு 9.30 வரை, குளிர்காலத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை.

கூட்டம் இருந்தால் நமக்கு என்ன லாபம்? சந்தையில் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு ஸ்பிரெட் என்று பெயர். யூரோ/டாலரில் நான்காவது தசம இடத்தில் ஓர் எண் மாறினால் அது ஒரு பிப் (யென் ஜோடிகளில் இரண்டாவது தசம இடம்). ஒரு லட்சம் யூரோ அளவுள்ள ஒரு லாட் வாங்கினால், ஒரு பிப்பின் மதிப்பு 10 டாலர். ஸ்பிரெட் ஒரு பிப் என்றால் உள்ளே நுழைந்த கணமே 10 டாலர் கழிந்துவிட்டது. அதே வேலையை ஆளில்லாத நேரத்தில் செய்து, ஸ்பிரெட் 5 பிப் ஆக இருந்தால் 50 டாலர். கோயம்பேடு மார்க்கெட்டில் விடியற்காலை நிற்பவருக்குப் பத்துக் கடைக்காரர்கள் விலை சொல்வார்கள். நடு மதியம் போனால் திறந்திருக்கும் ஒரே கடைக்காரர் சொல்வதுதான் விலை. அவ்வளவுதான் விஷயம். நல்ல நேரம் என்பது செலவு குறையும் நேரம். விலை ஏறுமா, இறங்குமா என்பதை அந்த நேரம் உங்களுக்குச் சொல்லாது.

யென் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. டோக்கியோவில் காலை 9 மணி என்பது நமக்கு 5.30. ஜப்பான் வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கான அன்றைய டாலர் விலையை அங்குள்ள 9.55 மணி நிலவரத்தை வைத்து நிர்ணயிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே நமக்குக் காலை 6.25-ஐ ஒட்டி டாலர்/யென் ஜோடியில் அசைவு தெரியும். யூரோவும் பவுண்டும் அந்த நேரத்தில் பெரும்பாலும் சோம்பலாகவே நகரும். லண்டன் திறந்ததும்தான், அதாவது நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30-க்குத்தான் அவற்றிற்கு உயிர் வரும்.

கடிகாரத்தை அமைப்போம்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் கூடுதலாக இரண்டு கடிகாரங்கள் வைத்துக்கொள்ளலாம். டாஸ்க்பாரில் நேரம் தெரியும் இடத்தில் ரைட் க்ளிக் செய்து, "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பக்கத்தில் "அடிஷனல் க்ளாக்ஸ்" என்ற பகுதியைத் தேடிப் பிடியுங்கள். அதில் "ஷோ திஸ் க்ளாக்" என்ற பெட்டியில் டிக் செய்து, நேர மண்டலத்தைத் தேர்வு செய்து, லண்டன், நியூயார்க் என்று பெயர் கொடுத்து ஓ.கே. செய்யுங்கள். இனி டாஸ்க்பார் கடிகாரத்தின் மேல் மவுஸ் பாயின்டரை வைத்தால் மூன்று ஊர் நேரமும் தெரியும். உங்கள் சொந்த நேர மண்டலத்தில் கை வைக்காதீர்கள். அது யூ.டி.சி. +05:30, சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்றே இருக்கட்டும்.

முதல் பொறி இங்கேதான். பட்டியலில் யூ.டி.சி. -05:00 என்று ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். அவசரத்தில் பொகோட்டா, லிமா என்ற வரியைக் க்ளிக் செய்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் நேரம் சரியாகவே காட்டும். மார்ச் வந்ததும் ஒரு மணி நேரம் பிசகும். அந்த ஊர்களில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் பழக்கம் இல்லை. நியூயார்க்கிற்கு "ஈஸ்டர்ன் டைம்" என்று எழுதிய வரிதான் சரி. அதேபோல லண்டனுக்கு டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், லண்டன் என்று இருக்கும் வரி. மன்ரோவியா, ரெய்க்யாவிக் என்ற வரி வேண்டாம்.

இந்தக் கோடைக்கால மாற்றம் நம் ஊரில் இல்லாததால் நாம் அதை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். இது 2007 முதல் உள்ள ஏற்பாடு. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு மாற்றி, அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்புகிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். அந்த வாரங்களில் நியூயார்க் நமக்கு 5.30-க்கே வந்துவிடும். லண்டனோ 10.30 வரை இருக்கும். பரபரப்பு நேரம் நான்கு மணிக்குப் பதில் ஐந்து மணி நேரம். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் பாதிப் பேர் மீட்டிங்கிற்குத் தவறான நேரத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

இரண்டாவது பொறி சார்ட்டில் இருக்கிறது. டிரேடிங் சாஃப்ட்வேரில் படத்தின் அடியில் ஓடும் நேரம் உங்கள் கம்ப்யூட்டரின் நேரம் அல்ல. அது புரோக்கரின் சர்வர் நேரம். நியூயார்க்கில் மாலை 5 மணியோடு நாள் முடிவதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக, பல நிறுவனங்கள் சர்வரைக் குளிர்காலத்தில் யூ.டி.சி. +2, கோடையில் +3 என்று வைக்கின்றன. அப்படியானால் சார்ட்டில் 15:00 என்று இருப்பது நமக்குக் குளிர்காலத்தில் மாலை 6.30, கோடையில் 5.30. அதை மதியம் மூன்று மணி என்று படிப்பவர்கள் ஏராளம்.

பழைய கம்ப்யூட்டரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் நாணயம் அளவில் இருக்கும் சி-மாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றிவிட்டு, நேரம் அமைக்கும் பக்கத்தில் "சிங்க் நவ்" பட்டனை அழுத்துங்கள். தேதி தவறாக இருந்தால் வங்கி இணையதளங்கள்கூட எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும்.

அதிகாலை நாலரை மணி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டில் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், பி.எஃப். பணம் கையில் இருக்கிறது, மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. டெலிகிராமில் யாரோ ஒருவர் அவரை ஒரு ஃபாரெக்ஸ் ஆப்பில் சேரச் சொல்லியிருக்கிறார். "விடியற்காலை நாலரை மணிக்குச் சந்தை அமைதியா இருக்குமாம் தம்பி, புதுசா வர்றவங்களுக்கு அதான் பத்திரமாம். ஐம்பதாயிரம் போட்டு ஆரம்பிக்கலாம்கிறாங்க. என்ன சொல்றே?"

அவருக்கு நான் காட்டியது இரண்டு தேதிகள். 2016 அக்டோபர் 7. லண்டனில் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம், நமக்கு அதிகாலை நாலரையை ஒட்டிய நேரம். பவுண்டு டாலருக்கு எதிராகச் சில நிமிடங்களில் சுமார் 9 சதவீதம் விழுந்தது. பிறகு பெரும்பகுதி மீண்டுவிட்டது. இதை ஆராய்ந்த பி.ஐ.எஸ். அறிக்கை ஒரே காரணம் என்று எதையும் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் ஆள் குறைந்த அந்த நேரத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்றது. அடுத்தது 2019 ஜனவரி 3. நமக்கு அதிகாலை 4 மணி வாக்கில், ஜப்பானில் புத்தாண்டு விடுமுறை நாளில், டாலர்/யென் 108-க்கு மேலிருந்து 105-க்குக் கீழே சில நிமிடங்களில் சரிந்தது. கடன் வாங்கிய பணத்தில், அதாவது லெவரேஜில், வைத்திருந்தவர்களின் கணக்கை சாஃப்ட்வேரே மூடிவிடும். விலை திரும்பி வந்தாலும் அவர்களுக்குப் பணம் திரும்பாது.

"அப்போ சாயங்காலம் பண்ணலாமா?" என்று கேட்டார். 2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று கொடுத்திருந்த உறுதியை முன்னறிவிப்பின்றி விலக்கியபோது நமக்குப் பிற்பகல் 3 மணி. லண்டன் முழு வீச்சில் இயங்கிக்கொண்டிருந்தது. அன்றைய அடியில் பிரிட்டனில் ஒரு புரோக்கர் நிறுவனமே திவாலானது. மாலை நேரத்திலும் இப்படித்தான். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை அவர்கள் காலை 8.30-க்கு வரும்போது, நமக்குக் கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 7. அந்த ஒரு நிமிடத்தில் ஸ்பிரெட் விரிந்து சுருங்குவதைப் பார்த்தாலே போதும்.

அவரிடம் கடைசியாகச் சொன்னது சட்டம். இந்தியாவில் வசிப்பவர், ஃபெமா சட்டப்படி, ரிசர்வ் வங்கி அனுமதித்த நிறுவனங்கள் வழியாகவோ, என்.எஸ்.இ., பி.எஸ்.இ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகளிலோதான் கரன்சி வியாபாரம் செய்யலாம். வெளிநாட்டு ஆப்பிற்கு மார்ஜின் பணம் அனுப்ப அனுமதி இல்லை. எக்ஸ்சேஞ்சில் ரூபாய் ஜோடிகளின் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. உலகச் சந்தை சூடுபிடிப்பதற்கு முன்பே இங்கே ஷட்டர் இறங்கிவிடுகிறது. யூரோ/டாலர், பவுண்டு/டாலர், டாலர்/யென் ஒப்பந்தங்கள் 2018 பிப்ரவரியில் இங்கு அறிமுகமானபோது அவற்றிற்கு மட்டும் இரவு 7.30 வரை நேரம் கொடுத்தார்கள். மேலும் 2024 மே 3 முதல், ரூபாய் ஜோடிகளில் இறங்குபவருக்கு உண்மையான வெளிநாட்டுப் பண வரவோ செலவோ இருக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை.

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் "அலர்ட் லிஸ்ட்" என்று ஒரு பட்டியல் உண்டு. 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு தொடங்கி, பிறகு நீண்டுகொண்டே வந்தது. பட்டியலில் இல்லை என்பதால் ஒரு நிறுவனம் அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ஆப்பின் பெயரை இருவரும் உட்கார்ந்து தேடினோம். இருந்தது, அச்சு அசலாக அதே எழுத்துக்கூட்டலோடு.

லேப்டாப்பிலிருந்து அதை நீக்கிவிட்டோம். லண்டன், நியூயார்க் கடிகாரங்கள் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார். மகன் நியூஜெர்சியில் இருக்கிறானாம், போன் செய்ய வசதி.